கடலோர வில்லா வாங்குமுன்: செட்டிநாட்டுக் குடும்பங்கள் எதை எதோடு ஒப்பிட வேண்டும்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் ஈசிஆர் எனும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு தேடுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள், பெரியவர்கள் ஊரில் இருக்கிறார்கள், எல்லோரும் கூட ஓர் இடம் வேண்டும். முட்டுக்காட்டிலிருந்து புதுச்சேரி வரை கேட் போட்ட திட்டங்களுக்குக் குறைவில்லை. மூன்று நான்கு பிரோஷரை விரித்து வைத்து, சதுர அடி விலை, கிளப் ஹவுஸ், நீச்சல் குளம், கடலுக்கு எத்தனை நிமிட நடை என்று ஒப்பிடத் தொடங்குவார்கள். அந்தக் கணக்கில் எல்லாத் திட்டமும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரியும்.

இப்படி வாங்கும் வீடு வருடத்தில் ஒரு மாதம் புழங்கினால் அதிகம். மீதிப் பதினொரு மாதமும் பூட்டுதான். பூட்டிய வீடு என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கானாடுகாத்தான் தெருக்களில் நடந்தாலே தெரியும். ஆனால் நம் ஊர் வறண்ட காற்றும் சுண்ணாம்புச் சாந்தும் கொடுக்கும் அவகாசத்தைக் கடற்காற்றும் கம்பிக் கான்கிரீட்டும் கொடுக்காது. அதனால் திட்டங்களை அந்தப் பதினொரு மாதத்தை வைத்து ஒப்பிடுங்கள்: கரை நிற்குமா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கம்பி எவ்வளவு உள்ளே இருக்கிறது, பொது இடம் யார் பெயரில் இருக்கிறது.

மணல் போகும் திசை

தமிழகக் கிழக்குக் கரையில் வருடம் முழுக்கக் கூட்டிக் கழித்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. தென்மேற்குப் பருவத்தில் வடக்கே போவது அதிகம், வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். நடுவில் துறைமுகச் சுவரோ, கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பான தூண்டில் வளைவோ குறுக்கிட்டால், அதன் தெற்கில் மணல் சேரும், வடக்கில் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்தபின் மெரினா அகன்றதும் ராயபுரம் பக்கம் கடல் ஏறியதும் இப்படித்தான். புதுச்சேரியில் 1980களின் கடைசியில் துறைமுக அலைத்தடுப்புச் சுவர் வந்த பிறகு நகரக் கடற்கரை மணலை இழந்தது. அரிப்பு அங்கே நிற்காமல் வடக்கே தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று ஊர் ஊராக நகர்ந்தது. ஓர் ஊருக்குக் கல் கொட்டினால் அடுத்த ஊருக்கு வினை.

ஆகவே மனையைப் பார்த்தவுடன் தெற்கே பாருங்கள். நாலைந்து கிலோமீட்டருக்குள் மீன்பிடித் துறைமுகம், முகத்துவாரச் சுவர், தூண்டில் வளைவு ஏதாவது இருக்கிறதா, புதிதாக வரப்போகிறதா? பிறகு கூகுள் எர்த்தில் பழைய படங்களைத் திறந்து, நகராத ஒரு புள்ளியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோயில் மூலை, பழைய காம்பவுண்டுச் சுவர் எதுவானாலும் சரி. அங்கிருந்து ஈரமணல் கோடு வரை ஒவ்வொரு வருடப் படத்திலும் அளவுகோல் வைத்து அளக்கலாம். ஒரே மாதத்துப் படங்களை மட்டும் ஒப்பிட வேண்டும். மழைக்காலத்தில் கரை இயல்பாகவே ஒடுங்கி, கோடையில் அகலும். டிசம்பர்ப் படத்துக்குப் பக்கத்தில் ஜூன் படத்தை வைத்தால் அரிப்பே இல்லாத இடத்தில் அரிப்புத் தெரியும், இருக்கிற இடத்தில் மறைந்தும் போகும்.

சிஆர்இசட் கோடு

உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம் (சிஆர்இசட்). 2011 அறிவிக்கைப்படி ஊரகக் கடற்கரையான மூன்றாம் வகையில் முதல் 200 மீட்டர் கட்டக்கூடாத பகுதி. 2019 ஜனவரியில் வந்த அறிவிக்கை அந்த வகையை இரண்டாகப் பிரித்தது. 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருக்கும் இடத்தில் 50 மீட்டர். மற்ற இடத்தில் பழைய 200 மீட்டரே. ‘இப்பல்லாம் 50 மீட்டர்தான் சார்’ என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னால், எந்த வகை, எந்த வரைபடம் என்று கேளுங்கள். மாநிலத்தின் கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடம் 2019 அறிவிக்கைக்கு ஏற்பத் திருத்தி அங்கீகாரம் பெறும்வரை 2011 விதிதான் செல்லும் என்று அந்த அறிவிக்கையே சொல்கிறது. கட்டடம் நிறைந்த இரண்டாம் வகைப் பகுதியில், ஏற்கெனவே இருக்கிற சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கம்தான் புதிதாகக் கட்டலாம். மணல் மேடு, அலையாத்திக் காடு, ஆமை முட்டையிடும் இடம் எல்லாம் முதல் வகை. அங்கே வீட்டுப் பேச்சே கிடையாது. மேட்டைத் தள்ளிச் சமப்படுத்திய மனை என்று தெரிந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

கடலை மட்டும் பார்த்தால் போதாது. முட்டுக்காடு-கோவளம் கழிமுகமும் பக்கிங்காம் கால்வாயில் அலை ஏறும் பகுதியும் இதே விதிக்குள் வரும். 2011 கணக்கில் கரையிலிருந்து 100 மீட்டர் அல்லது கழியின் அகலம், எது குறைவோ அது. 2019 கணக்கில் அந்த 100, 50 ஆகிறது. ‘பேக்வாட்டர் வியூ’ என்று விற்கும் திட்டங்களில் இதுதான் மாட்டும் இடம்.

கேட்டு வாங்க வேண்டிய காகிதம் ஒன்றே ஒன்று: சர்வே எண்ணின் மேல் உயர் அலைக் கோட்டையும் 50, 100, 200, 500 மீட்டர்க் கோடுகளையும் போட்டுக் காட்டும் 1:4000 அளவு வரைபடம், அங்கீகாரம் பெற்ற நிறுவனம் தயாரித்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அப்படி ஒன்று. வங்கி லோன் கொடுக்கிறது, பஞ்சாயத்து அனுமதி இருக்கிறது என்ற பதில் இதற்கு ஈடாகாது. கொச்சி மரடில் 2020 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்த்த நான்கு அடுக்குமாடிகளுக்கும் உள்ளாட்சி அனுமதி இருந்தது; சிஆர்இசட் மீறல் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபின் அந்தக் காகிதம் ஒன்றும் காப்பாற்றவில்லை.

மாமல்லபுரம் பக்கத்துக்கு இன்னும் இரண்டு கோடுகள் உண்டு. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கு வெளியே 200 மீட்டர் தொல்லியல் அனுமதியோடு. கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை பெரிய வளர்ச்சிக்குக் கட்டுப்பாடு, 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்ட வட்டம். வாங்கவே கூடாது என்றில்லை, மறுவிற்பனையில் கேட்கும் கேள்வி இது.

ரோட்டுக்கு மேற்கே விலை குறைவு ஏன்

ஈசிஆர் பெரும்பாலும் பழைய மணல் மேட்டின் முதுகில் போகிறது. அதற்குக் கிழக்கே கடலுக்குச் சரிவு, மேற்கே கால்வாய்க்குச் சரிவு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்து மழைநீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி முட்டுக்காட்டில்தான் கடல் சேருகிறது. தென்சென்னை மூழ்கும் நாளில் அந்தத் தண்ணீர் இந்த வழியில்தான் வரும். கடல் ஏற்றத்தில் இருந்தால் முகத்துவாரத்தில் தேங்கி நிற்கும். மேற்குப் பக்கத்துத் திட்டம் என்றால் தரைமட்ட அளவைப் படம் கேளுங்கள். வீட்டுத் தரை உள்சாலையை விட எவ்வளவு உயரம், உள்சாலை ஈசிஆரை விட எவ்வளவு தாழ்வு, மண் கொட்டி மேடாக்கிய இடமா, மூன்றும் எண்ணாக வரவேண்டும். 2015 டிசம்பர் மழையில் இங்கே தண்ணீர் எங்கே நின்றது என்று பக்கத்துக் கிராமத்து டீக்கடையில் கேட்டால், கையை வைத்துச் சுவரில் காட்டுவார்கள்.

தண்ணீர்

ஊருணி கட்டி, ஓட்டுத் தண்ணீரைக்கூட அண்டாவில் பிடித்த ஊர்க்காரர்கள் இந்த விஷயத்தில் ஏமாறக்கூடாது. கடற்கரை மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் ஒரு மெல்லிய வில்லையாக உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு அது உப்பை அழுத்தி வைத்திருக்கும். போர் போட்டு அந்த ஒரு மீட்டரை உறிஞ்சிவிட்டால் உப்பு அதே விகிதத்தில் மேலே ஏறும். ஒரு வீட்டுக்குப் போதுமான வில்லை நூறு வீட்டுக்குப் போதாது.

தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் சில நூறு ரூபாய் டிடிஎஸ் மீட்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். மாதிரி வீட்டுச் சமையலறைக் குழாயில் மட்டும் அளந்தால் ஆர்.ஓ. தண்ணீரைத்தான் அளப்பீர்கள். தோட்டக் குழாயில், சம்ப்பில், முடிந்தால் போர் வாயிலேயே அளக்க வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. டிசம்பரில் 600 காட்டிய இடம் மே மாதத்தில் பல மடங்கு காட்டலாம், அதனால் கோடை அளவுதான் கணக்கு.

லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் திட்டமா என்பதை வாய்க்கணக்கில் போட்டுவிடலாம். நூறு வில்லா, வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளுக்கு 54,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் நாலரை நடை. புல்வெளிக்கும் நீச்சல் குளத்துக்கும் தனி. இந்தச் செலவு மெயின்டனன்ஸில் இருக்கிறதா, தனி பில்லா? இதற்கு மார்க்கெட்டிங் ஆபீசில் பதில் கிடைக்காது. கேட்டில் நிற்பவரிடம், ‘தம்பி, தண்ணி லாரி ஒரு நாளைக்கு எத்தனை வருது?’ என்றால் கிடைத்துவிடும். பொது ஆர்.ஓ. இருந்தால் அதன் கழிவு உப்புநீர் எங்கே போகிறது என்று தொடர்ந்து பாருங்கள். அதே மணலில் விட்டால் அதே போருக்குத் திரும்பும்.

பூட்டிய வீடுகள் நிறைந்த திட்டத்தில் யாரும் யோசிக்காத ஒன்று எஸ்டிபி எனும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நுண்ணுயிருக்குத் தினமும் தீனி வேண்டும். நூறு வீட்டில் பத்து வீடு மட்டும் புழங்கினால் அது பட்டினியில் செத்துவிடும்; பொங்கல் விடுமுறைக்கு எல்லோரும் ஒரே நாளில் வந்து இறங்கும்போது தொட்டி நாறும். சிறு சிறு பிரிவாக இயக்கும் வசதி உள்ள எஸ்டிபியா என்று கேட்டால், பில்டரின் இன்ஜினியர் உங்களை ஒரு மாதிரி மரியாதையோடு பார்ப்பார்.

கம்பிக்கும் காற்றுக்கும் நடுவில்

கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூலான ஐஎஸ் 456 கடலோரச் சூழலில் திறந்து நிற்கும் கான்கிரீட்டைக் ‘கடுமை’ வகையில் வைக்கிறது. அதற்குக் குறைந்தது எம்30 கலவை, தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.45க்கு மேல் போகக்கூடாது, கம்பியை மூடும் கான்கிரீட் கனம், அதாவது கவர், 45 மில்லிமீட்டர். கடல் சாரல் நேரே அடிக்கும் முகப்புக்கு எம்35, 50 மில்லிமீட்டர். ஊரில் கட்டும் எம்20 கலவையும் 20 மில்லிமீட்டர் கவர் பிளாக்கும் இங்கே எடுபடாது. காற்றிலுள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் மெல்ல ஊறி, கம்பியை எட்டியதும் துரு தொடங்கும். துரு இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் மேலிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும். கவர் பாதியானால் ஆயுள் பாதியாகாது. அதைவிட வெகுவாகக் குறையும்.

கட்டுமானம் நடக்கிற திட்டமா? சிலாப் கம்பி கட்டியிருக்கும் நாளில் போய், அடியில் வைத்திருக்கும் கவர் பிளாக்கை டேப் வைத்து அளந்து பாருங்கள். கருங்கல் ஜல்லித் துண்டை முட்டுக்கொடுத்திருந்தால் அதுவே பதில். கலவைக்கும், கான்கிரீட்டை நனைத்து வைக்கும் கியூரிங்குக்கும் எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். கம்பிக் கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. சைட்டில் உள்ள உப்புப் போரிலேயே கியூரிங் செய்வது சர்வ சாதாரணம்.

முடிந்த வீடென்றால் அதே பில்டர் ஏழெட்டு வருடம் முன்பு கடலோரத்தில் முடித்த திட்டத்துக்குப் போவதுதான் உத்தமம். மாதிரி வீட்டை விட அது உண்மை பேசும். பால்கனியின் அடிப்பக்கம், சன்ஷேட் நுனி, மொட்டை மாடிக் கைப்பிடி வேர் விட்ட இடம் என்று மூன்றையும் நிமிர்ந்து பாருங்கள். கம்பி போன வழியே பழுப்புக் கோடு தெரிந்தாலோ, நாணயத்தால் தட்டும்போது ‘டொக்’கென்று வெற்றுச் சத்தம் கேட்டாலோ துரு தொடங்கிவிட்டது. பால்கனி அடிப்பக்கத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

கைப்பிடி, கீல், தாழ்ப்பாளுக்கு ‘ஸ்டெயின்லெஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. 304 ரகம் கடற்காற்றில் டீக்கறை மாதிரி பழுக்கும், 316 தாங்கும். காந்தம் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒட்டாது, ஆகவே ரகம் ஒப்பந்தத்தின் விவரப் பட்டியலில் எழுத்தில் இருக்க வேண்டும். ஜன்னல் யுபிவிசி என்றாலும் உள்ளே இருக்கும் ஸ்க்ரூவும் உருளையும் எது என்று கேளுங்கள். முதலில் சிக்குவது அதுதான். ஏசியின் வெளி யூனிட்டைக் கடல் பார்க்காத சுவரில் மாட்டச் சொல்லி, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவ ஆள் வேண்டும்.

நம்மவர்கள் ஆசையாய் ஆத்தங்குடிக் கல் பதிக்கச் சொல்வார்கள். பதிக்கலாம். ஆனால் பதிக்கும் சாந்துக்கு உப்பில்லாத மணலும் நல்ல தண்ணீரும் கொடுக்காவிட்டால், பூவேலையின் மேல் வெள்ளையாய் உப்புப் பூக்கும். காலடி படாமல் துடைக்காமல் கிடக்கும் அந்தத் தரை ஊரில் பட்டாசாலை மின்னுவது போல் மின்னவும் செய்யாது.

பொது இடம் யாருடையது

பங்காளிகளின் கையெழுத்து எல்லாம் சேராததால் ஓடு மாற்ற முடியாமல் ஒழுகும் பெரிய வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். கேட் போட்ட திட்டமும் அதே வளவுதான், பங்காளி மட்டும் முன்பின் தெரியாதவர். ஆகவே யார் பங்கு எது என்பதைக் காகிதத்தில் பார்த்துவிட வேண்டும்.

மனைப்பிரிவாக அங்கீகாரம் வாங்கிய திட்டம் என்றால், உள்சாலைகளும், பெரிய மனைப்பிரிவில் சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத் திறந்தவெளியும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாகப் போய்விடும். அந்தச் சாலை அதன்பின் ஊர்ச் சாலை. கேட்டும் செக்யூரிட்டியும் இருக்கும், ஆனால் பக்கத்து ஊர்க்காரர் அதில் நடந்து கடலுக்குப் போனால் தடுக்கச் சட்டம் இல்லை. மீனவர் பாதையை மறித்துக் கட்டிய சுவர் நாளைக்கு இடிபடும். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும் தானப் பத்திரத்தையும் வைத்துக்கொண்டு, பிரோஷரில் ‘பிரைவேட் பார்க்’ என்று பச்சை அடித்த இடம் எதில் விழுகிறது என்று பாருங்கள்.

பெரிய திட்டங்களைக் கட்டம் கட்டமாக ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்வார்கள். ஒவ்வொரு கட்டமும் சட்டப்படி தனித் திட்டம். நீங்கள் வாங்குவது முதல் கட்டம், கிளப் ஹவுஸ் இருப்பது மூன்றாம் கட்டம் என்றால், அது வராவிட்டால் உங்கள் பதிவு எண்ணை வைத்துக் கேட்பது கஷ்டம். ஆகவே ரெரா தளத்தில் உங்கள் கட்டத்தின் பதிவில் எந்தெந்தப் பொது வசதி ஏற்றியிருக்கிறது என்று பாருங்கள். அங்கீகரித்த வரைபடத்தை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் ஒப்புதல் வேண்டும். கட்டமைப்புக் குறைபாட்டை ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் எழுத்தில் தெரிவித்தால் புரமோட்டர் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். பூட்டிய வீட்டுக்காரர் இந்த ஐந்து வருடத்தைக் கவனிக்காமல் விடுவதுதான் வழக்கம். நான்காம் வருடமே ஓர் இன்ஜினியரை வைத்துப் பார்த்து எழுதிப் போட்டுவிட வேண்டும். புதுச்சேரிக்குத் தனி ரெரா. ஈசிஆர் அங்கே தமிழ்நாட்டுக்குள்ளும் புதுச்சேரிக்குள்ளும் மாறி மாறிப் போவதால், காலாப்பட்டு மனைக்கும் பொம்மையார்பாளையம் மனைக்கும் அலுவலகமும் பத்திரச் செலவும் வேறு.

மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு 4 ரூபாய் என்பார்கள். 2,000 சதுர அடிக்கு மாதம் 8,000. மாதம் 7,500ஐத் தாண்டினால், வருட வரவு 20 லட்சத்துக்கு மேலுள்ள அசோசியேஷனில் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. முழுத் தொகைக்கும் என்று வரித்துறைச் சுற்றறிக்கை சொல்கிறது, மிகுதிக்கு மட்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பு இருக்கிறது. முழுத் தொகைக்கென்றே வைத்தால் 9,440, வருடத்துக்கு 1,13,280. வாங்குபவர்களிடம் முன்கூட்டியே வசூலித்து வைக்கும் கார்பஸ் ஃபண்ட் எந்த வங்கிக் கணக்கில், யார் கையெழுத்தில் இருக்கிறது, அசோசியேஷன் கைக்கு எப்போது மாறும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே குடியேறிய திட்டமென்றால் நிலுவைப் பட்டியலைக் கேளுங்கள். வெளிநாட்டில் வசிக்கும் உரிமையாளர்கள் அதிகம் இருக்கும் இடத்தில் அந்தப் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும்.

பட்டா, மூலப்பத்திரம், முப்பது வருட வில்லங்கம், ‘அ’ பதிவேடு, புலப்படம் எல்லாம் ஊரில் மனை வாங்குவது போலத்தான். புலப்படத்தில் கடற்கரைப் புறம்போக்கும் ஓடையும் மனையைத் தொடுகிறதா என்பதை மட்டும் கூடுதலாகப் பாருங்கள்.

தொண்டி, மீமிசல் பக்கம்

‘சென்னை எதற்கு, நமக்கு நாற்பது ஐம்பது கிலோமீட்டரில் கடல் இருக்கிறதே’ என்று சொல்பவர்களும் உண்டு. தொண்டியிலும் கோட்டைப்பட்டினம், மணமேல்குடிப் பக்கமும் ‘கடலோர மனை’ என்று பிரித்து விற்கிறார்கள். பாக் நீரிணைக் கடல் ஆழம் குறைந்தது, கரை சேறும் கடற்புல்லுமாக இருக்கும். ஈசிஆர் மணலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. இங்கே முதலில் பார்க்க வேண்டியது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகார எண், அடுத்தது ரெரா எண். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுக்கு இரண்டாவது இல்லாமல் விளம்பரமே கூடாது. நம் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கொத்தனாரும் காவல்காரரும் இருப்பார்கள் என்பது இந்தப் பக்கத்தின் பெரிய லாபம். 2018 நவம்பர் கஜா புயலில் என்ன ஆனது என்று அங்கிருப்பவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

எந்தப் பக்கமானாலும் இரண்டு முறை போய்ப் பார்க்க வேண்டும்: ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஒருமுறை, வைகாசி வெயிலில் ஒருமுறை. மாமல்லபுரம் பக்கமென்றால் பல்லவன் எக்ஸ்பிரஸில் வந்து செங்கல்பட்டில் இறங்கிக்கொள்ளலாம், எழும்பூர் போய்த் திரும்ப வேண்டாம். அதற்கு நடுவில் ‘இந்த வாரம் புக் பண்ணினால் தள்ளுபடி’ என்று போன் வந்தபடி இருக்கும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் மொத்த விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்குவதற்கு ரெரா சட்டம் இடம் தரவில்லை. புக்கிங் தொகையைத் திருப்பித் தரும் நிபந்தனையை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த பிரோஷரை எடுத்துக்கொள்ளலாம்.